தரைக்கு அடியில் ஒரு தரை

இந்தியத் தரை ஓடுகளைப் பற்றிப் பேசுவோர் 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையையும், 1922இல் பம்பாயில் சுதேசி உணர்வோடு பிறந்த பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனத்தையும், கண்ணாடியின்மேல் வார்க்கப்படும் ஆத்தங்குடிக் கற்களையும் தவறாமல் குறிப்பிடுவர். அவற்றைத் தாங்கும் சமன்படுத்து அடுக்கு எவர் கவனத்தையும் பெறுவதில்லை. ஓடு பதித்த அன்றே அது மறைந்துவிடுகிறது.

கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதனை அலட்சியப்படுத்தவில்லை. கைக்கடங்கும் கற்கள், அவற்றின்மேல் சுண்ணாம்பு கலந்த சரளை, அதற்கும் மேலே மூன்று பங்கு ஓட்டுத்தூளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என அவர் அடுக்குகளை வகுக்கிறார். சரளை அடுக்கை ஆட்கள் கூட்டமாக நின்று மரக்கட்டைகளால் அடித்து இறுக்க வேண்டும் என்பது அவர் விதி. செங்கல் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்த இந்தியச் சுர்க்கிக் காரையும் இதே அறிவின் மற்றொரு வடிவமே. இங்கும் அடித்து இறுக்கியவர்கள் கூலியாட்கள். அவர்களுள் பெண்கள் மிகுதி. சமதளம் என்பது உழைப்பாகவே அளக்கப்பட்ட காலம் அது.

போர்ட்லண்ட் சிமெண்ட் வந்தபின்னும் இந்நிலை முற்றிலும் மாறவில்லை. ஏறத்தாழ 20 மி.மீ. கனத்தில் கலவை விரித்து, சிமெண்ட் பால் ஊற்றி, ரசமட்டம் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி ஓட்டை அமர்த்தும் முறையில், அடித்தளத்தின் மேடுபள்ளத்தைக் கலவையே விழுங்கிக்கொள்ளும். 1950களில் அமெரிக்காவில் உருவான மெல்லிய பதிப்புக் கலவைதான் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. சில மில்லிமீட்டர் பசைக்குப் பள்ளம் நிரப்பும் ஆற்றல் கிடையாது. எனவே ஓடு வருமுன்பே தரை சமமாகியிருக்க வேண்டியதாயிற்று.

இத்தேவையை நிறைவேற்றிய வேதியியல் வேறு நோக்கங்களுக்காகப் பிறந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் ஜூல் பியே 1908இல் காப்புரிமை பெற்ற அலுமினேட் சிமெண்ட், சல்பேட் நீர் அரிக்கும் இடங்களுக்கானது. 1960களில் ஜப்பானில் ஹட்டோரி உருவாக்கிய மீநெகிழ்விப்பான், நீரைக் கூட்டாமலேயே கான்கிரீட்டை இளகச் செய்தது. அலுமினேட்டும் போர்ட்லண்ட் சிமெண்டும் கால்சியம் சல்பேட்டும் வினைபுரிந்து விளையும் எட்ரிங்கைட் படிகம் கலவையின் நீரைப் பெருமளவில் பிணைத்துக்கொள்கிறது. ஊற்றிய கலவை தானே பரவிச் சில மணி நேரத்தில் இறுகுவதும், சுருக்கம் குறைவதும் இதனால்தான்.

ஆனால் கலவையை இளக்க வேறொரு வழியும் முயலப்பட்டது. 1970களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை சுவீடனில், பாலிலிருந்து எடுக்கும் கேசின் என்னும் புரதம் இதற்குப் பயன்பட்டது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்த செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சை அறிந்தோருக்குப் புரதக் காரை வியப்பளிக்காது. அங்கோ, நன்கு உலராத கான்கிரீட்டின்மேல் அது ஊற்றப்பட்டு, நீர்புகா விரிப்புகளால் மூடப்பட்டது. ஈரமும் காரத்தன்மையும் சேர்ந்து புரதத்தைச் சிதைக்க, அம்மோனியா வெளிப்பட்டது. புதுக் குடியிருப்புகளில் துர்நாற்றம் எழுந்தது. ஓக் மரத்தரை நிறம் கறுத்தது. கண்ணெரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் குறித்துக் குடியிருந்தோர் முறையிட்டனர். கேசின் கைவிடப்பட்டது. பழியைப் புரதத்தின்மேல் மட்டும் சுமத்துவது எளிது. தரை உலரும்வரை காத்திராத கட்டுமான அவசரமும் அதே அளவு பொறுப்புடையது.

'தானே சமமாகும்' என்ற பெயரும் ஓரளவே உண்மை. முதலில் தரையைத் தூய்மை செய்து முதற்பூச்சு இட வேண்டும். இல்லையேல் கான்கிரீட் கலவையின் நீரை உறிஞ்சிக் குமிழிகளையும் பிரிவையும் உண்டாக்கும். ஊற்றியபின் ஆள் இறங்கிப் பரப்ப வேண்டும். முள் உருளையால் காற்றை நீக்க வேண்டும். மோர்பியிலிருந்து இன்று 1200 × 2400 மி.மீ. அளவுப் பலகைகள் வருகின்றன. பெரிய ஓடுகளுக்கு அமெரிக்கத் தரநிலை பத்தடி நீளத்தில் ஏறத்தாழ 3 மி.மீ. வேறுபாட்டையே அனுமதிக்கிறது. சதுர அடிக் கணக்கில் கூலி பேசும் கொத்தனார் அந்த மூன்று மில்லிமீட்டரைப் பெரும்பாலும் மட்டப்பலகையாலும் கைப்பழக்கத்தாலும்தான் இன்றும் எட்ட முயல்கிறார்.