திகில் திரைப்படம்: வகைமை வரையறை

திகில் திரைப்படம் என்பது பார்வையாளரிடம் அச்சத்தை எழுப்புவதையே முதன்மை நோக்காகக் கொண்ட திரைப்பட வகைமையாகும். எனினும் பேய் தோன்றுவது மட்டுமே அதற்குப் போதுமா, பேயே இல்லாத படமும் அதில் அடங்குமா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. தமிழில் ‘பேய்ப்படம்’, ‘திகில் படம்’ ஆகிய இரண்டும் ஒரே பொருளில் வழங்குவது இச்சிக்கலை மறைத்துவிடுகிறது.

கன்னடத் திரையுலகின் இருப்பிடமான பெங்களூருவில் இதற்கு நல்ல சான்றுகள் கிடைக்கின்றன. பவன் குமார் இயக்கிய ‘யூ டர்ன்’ (2016) அந்நகரத்து மேம்பாலம் ஒன்றில் நிகழும் கதை; அவசரத்தில் வண்டியைத் திருப்புவதற்காகச் சாலைத் தடுப்புக் கற்களை நகர்த்தி, அவற்றை நடுவழியிலேயே விட்டுச் செல்வோர் அடுத்தடுத்து மடிகின்றனர். கொல்வது பேய்தான் என்று கதையே ஒப்புக்கொண்டாலும், பார்வையாளர் துப்புத் துலக்கும் பெண்ணோடு நடந்து, முடிவில் பேயின் பக்கமே நியாயம் காண்பதால், அச்சம் இரக்கமாகிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, பி. வாசு இயக்கிய ‘ஆப்தமித்ரா’வில் (2004) நாகவல்லி என்னும் பெண்ணின் ஆவி என்று வீடே நடுங்குவது, கங்கா என்னும் இல்லத்தரசியின் ஆளுமைப் பிளவு நோய் என விளக்கப்படுகிறது, ஆனாலும் மக்கள் அதைத்தான் பேய்ப்படம் என்கின்றனர்.

அமெரிக்க மெய்யியலார் நோயல் கரோல் 1990இல் வெளியிட்ட நூலில், அறிவியலுக்கு ஒவ்வாத, அச்சத்தோடு அருவருப்பையும் ஊட்டும் உருவம் திகிலுக்கு இன்றியமையாதது என்றார். அவ்வளவுகோலின்படி ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வே (1960) வகைமைக்கு வெளியே நிற்க நேர்ந்தது, அதன் குறையைக் காட்டப் போதுமானது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோ உருவத்தை விடுத்து உணர்விலிருந்து தொடங்குகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கையும் அது அச்சத்துக்குக் காரணமாக்குவதால் கொள்ளையர் படமும் அதில் அடங்கிவிடும் என்பது உண்மையே. ஆயினும் திகைப்பைக் குறிக்கும் மருட்கைக்கு அது கூறும் நான்கு காரணங்களுள் ஆக்கம், அதாவது ஒன்று மற்றொன்றாகத் திரிதல், இடம்பெறுகிறது. அச்சமும் இம்மருட்கையும் கூடுமிடத்தையே திகில் எனக் கொள்வது பொருந்தும்.

1990களில் பெங்களூருவில் பரவிய ‘நாளே பா’ (நாளை வா) வதந்தியும் இவ்வகையினதே. இரவில் கதவைத் தட்டும் பேய் உற்றாரின் குரலில் அழைக்கும் என்றஞ்சிய மக்கள், அதைத் திருப்பியனுப்ப அச்சொற்களை வீட்டுக் கதவில் எழுதிவைத்தனர். பழகிய குரல் அயலாகும் இத்திரிபைத்தான் ‘ஆப்தமித்ரா’வும் அதன் உடன்பிறப்புப் படங்களும் மொழியால் நிகழ்த்துகின்றன: மூலமான மலையாள ‘மணிச்சித்ரத்தாழ்’ (1993) படத்தின் நாகவல்லி தமிழ் பேசுகிறாள், கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் தமிழ்ச் ‘சந்திரமுகி’யிலும் (2005) அப்பாத்திரத்தின் மொழி தெலுங்கு, இந்தி ‘பூல் புலையா’வில் (2007) வங்காளம்.