அடைத்த கதவும் அடையா வாயிலும்

இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கல், சங்க காலத்தில் கிடங்கில் என்ற பெயரில் ஓய்மாநாட்டின் தலைநகராக விளங்கியது. அதனை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியதே சிறுபாணாற்றுப்படை. 269 அடிகளே கொண்ட அந்நூலில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கும் இடம் ஒன்றுண்டு.

பாணனின் அடுக்களை. ஈன்றணிமையில் உள்ள நாய், பாலின்றி, கண் திறவாத குட்டிகளின் வாய்க்கு ஆற்றாது குரைக்கிறது. அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து, உப்புமின்றி வேகவைக்கிறாள். உண்ணும்முன் வாயிற்கதவை அடைக்கிறாள். பசியை விட, அறியாதார் பார்த்துவிடுவரோ என்னும் நாணம் அவளுக்குப் பெரிது.

இதே நூலில் நல்லியக்கோடனின் வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படாதது. அவன் தானே அருகில் நின்று உண்பிக்கிறான். வறியவனின் கதவு அடைத்திருக்கலாம். வள்ளலின் கதவு திறந்திருக்க வேண்டும். ஈகையின் இலக்கணம் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

கொடையாளர் புகழை வெறுத்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. திருக்குறளிலேயே ஈகை அதிகாரத்தை அடுத்து வருவது புகழ். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நிவந்தம் அளித்த செய்தியைக் கூறுகிறது. மன்னன் பெயர் கல்லில் நிலைத்தது. உணவு பெற்ற மாணவன் எவனும் தன் வறுமைக்காக அதில் காட்சிப்பொருளாக்கப்படவில்லை.

இன்றோ நிலை தலைகீழ். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, விழுப்புரம் மாவட்டமே வெள்ளத்தில் தவித்தது. இத்தகைய துயரங்களின்போதெல்லாம் உணவுப் பொட்டலத்தின் ஒரு முனையைக் கொடுப்பவரும் மறுமுனையைப் பெறுபவரும் பிடித்தபடி கைப்பேசியை நோக்கி நிற்கும் படங்கள் சமூக ஊடகங்களில் நிறைகின்றன. கொடுப்பவர் புன்னகைக்கிறார், பெறுபவர் தலை குனிகிறார். பாணன் மனைவி அடைத்த கதவை நாம் திறந்து படமெடுக்கிறோம்.

பாணன் வீட்டு வறுமையை நத்தத்தனாரும் ஊரறியச் சொன்னாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நூலில் அதைச் சொல்பவன் கொடுத்தவன் அல்லன், பெற்றவன். வறுமை தீர்ந்த பாணன், தானே விரும்பி, எதிரே வரும் இன்னொரு வறிய பாணனிடம் சொல்கிறான். நேற்று நானும் உன்னைப்போல் இருந்தேன், இவ்வழியே போ என்று ஆற்றுப்படுத்துகிறான். அச்செய்தி அடுத்த பசித்தவனுக்கு வழியாகிறது.

ஆகவே ஊடகத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. எந்தத் தெருவில் குடிநீர் இல்லை, எங்கே சோறு கிடைக்கும் என்று அறிவிக்கும் ஒரு வரிச் செய்தி, இக்காலத்து ஆற்றுப்படையே. பெறுபவரின் முகத்தைக் காட்டும் படம் அவ்வாறாகாது. பதிவிடும்முன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது அடுத்த பாணனுக்கு வழி சொல்கிறதா, அல்லது அவன் வீட்டுக் கதவைத் திறக்கிறதா?