தென்காசிக் கல்வெட்டில் ‘பணிந்தேன்’: ஒரு சொல்லாய்வு

பணிதல் என்னும் வினை தமிழில் மிகப் பழமையானது. தாழ்தல், அடங்குதல், வணங்குதல் என்பன அதன் பொருள்கள். எளியோர் வலியோர்முன் ஒடுங்கி நிற்கும் நிலையையே பணிவு என்று கருதும் வழக்கு இன்று மிகுந்துள்ளது. அக்கருத்து முழுவதும் பொருந்துமா என்று ஆராய்தற்கு ஏற்ற சான்று தென்காசியில் உண்டு. அவ்வூர்க் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் (ஆட்சி 1422–1463), அக்கோயிற் கல்வெட்டுப் பாடலொன்றில் ‘பணிந்தேன்’ எனத் தன்னைக் குறித்தே கூறுகின்றான். முடியுடை வேந்தன் ஒருவன் யாரைப் பணிந்தான், எதற்காகப் பணிந்தான் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

1. சொல்லும் அதன் குடும்பமும்

பணிதல் தன்வினை, பணித்தல் பிறவினை. தாழ்ந்து நிற்போன் பணிகின்றான், ஆணையிடுவோன் பணிக்கின்றான். ஆகவே ஏவலும் ஏவல் கேட்டலும் ஓரடியிற் பிறந்த வினைகளாக நிற்கின்றன. பணி என்னும் பெயரும் இவ்விரு பாலும் பொருந்தும். ஆணைக்கும் அது பெயர், ஆணைவழிச் செய்யும் தொண்டுக்கும் அதுவே பெயர். பணியாள், பணிவிடை, திருப்பணி என்னும் சொற்களில் தொண்டுப் பொருள் விளங்குகின்றது. பணிமொழி என்பதில் மென்மைப் பொருள் விளங்குகின்றது. பாம்பைக் குறிக்கும் பணி வடசொல்லின் வழிவந்த வேறொரு சொல்லாதலின் ஈண்டைக்கு வேண்டுவதன்று.

தொழுதல் கைகுவித்தலையும், வணங்குதல் உடல் வளைதலையும் சிறப்பாகச் சுட்டுவன. பணிதலோ வளைதலோடு அமையாது, ஒன்றனைச் செய்தற்கோ ஒருவர் ஏவலை ஏற்றற்கோ ஒருப்படுதலையும் உடன் உணர்த்துகின்றது. வணக்கமும் வேலையும் ஒரு சொல்லில் இணைந்து நிற்கும் இந்நிலையே தென்காசிப் பாடலின் பொருளைத் திறக்கும் திறவுகோலாம்.

உயர்வு தாழ்வுகளைச் சொல்லாலே வரையறுத்துக் காட்டும் மரபு தமிழிலக்கணத்துக்குப் புதிதன்று. இரத்தற்கண் வரும் ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று எனத் தொல்காப்பியர் எச்சவியலில் வகுத்தார். இம்மரபை நோக்கின், அரசன் வாயில் பணிதல் என்னும் சொல் தன்வினையாக வருதல் கருதத்தக்கதாம். அவன் பணித்தற்கு உரியவன். பணிதற்கு உரியவன் அல்லன்.

2. இலக்கிய வழக்கு

புறத்திணைச் செய்யுட்களில் பணிதல் பெரும்பாலும் பகைவர் செயல். போரில் ஆற்றாதார் பணிந்து திறை கொடுப்பர். பணியாதார் நாடு எரியுண்ணும். ஈண்டுப் பணிவின் தாய் அச்சம்.

திருக்குறளில் இச்சொல்லின் நிலை உயர்கின்றது. பணிதல் எல்லார்க்கும் நன்று என்று அடக்கமுடைமையும், பணிவும் இன்சொல்லும் ஒருவற்கு அணியாம் என்று இனியவை கூறலும், பெருமையுடையார் எக்காலத்தும் பணிவர் என்று பெருமை அதிகாரமும் உரைக்கின்றன. இதனோடு, பகைவரது சொல்வணக்கத்தை நம்பற்க எனக் கூடாநட்பில் எச்சரித்தலால், பணிவின் போலியையும் வள்ளுவர் அறிந்திருந்தார் என்பது பெறப்படும். நமக்கு மிகவும் வேண்டுவது சான்றாண்மை அதிகாரத்துக் குறள் ஒன்று. ஒரு செயலை முடிக்க வல்லாரது ஆற்றலே பணிதல் என்று அது கூறுகின்றது. அதற்குத் துணையாவாரைத் தாழ்ந்து கூட்டிக்கொள்ளுதலே அவ்வாற்றல் எனப் பரிமேலழகர் பொருள் விரித்தார். இவ்வுரைப்படி பணிவு செயல் முடித்தற்குரிய கருவி. ஆற்றலின்மையின் அடையாளம் அன்று.

திருநாவுக்கரசர் வாக்கில் இச்சொல் இருமுகம் காட்டுகின்றது. அரசனது ஆணையை மறுத்துப் பாடிய திருத்தாண்டகத்தில், தாம் யார்க்கும் குடியல்லர் என்று கூறும் அவர், பணிதல் என்னும் வினையை எதிர்மறையாக்கித் தம்மேல் ஏற்றிக் கூறுகின்றார். அவரே பிறிதோரிடத்துப் பணிசெய்து கிடத்தலே தம் கடன் என்கின்றார். வேந்தற்கு மறுத்த சொல்லை இறைவற்கு விரும்பி அளித்தார். ஆகவே பணிவின் மதிப்பு, யார்முன் எதற்காகப் பணிகின்றோம் என்பதனால் அமைவது என்பது தேற்றம்.

3. தென்காசிப் பாடல்கள்

பராக்கிரம பாண்டியன் காலத்து மதுரை பாண்டியர் கையில் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் அது சுல்தான்கள் ஆட்சிக்கும், பின்னர் விசயநகரப் படையெழுச்சியால் அவ்வரசின் மேலாண்மைக்கும் உட்பட்டது. பாண்டியர் தென்பாண்டி நாட்டில் ஒதுங்கி ஆண்டனர். அந்நிலையிலும் இவ்வரசன் மெய்க்கீர்த்தி பழைய பெருமிதம் குன்றாதது. சம்பந்தர் பாடல் பெற்றதும் சிற்றாறு அருவியாய் இழிவதுமாகிய திருக்குற்றாலம் முதலிய இடங்களில் மாற்றரசரை வென்றதாக அது கூறும். அதே ஆற்றின் கரையில், குற்றாலத்துக்கு அணித்தாகிய தென்காசியில், 1446ஆம் ஆண்டில் அவன் கோயிற்பணி தொடங்கினான். குற்றாலத்தில் பிறரைப் பணிவித்ததாகப் புகழப்பட்டவன் தென்காசியில் தான் பணிந்ததாகக் கல்லில் பொறித்தான்.

பாடலின் கருத்து இது: இக்கோயிற்கு வாராத குற்றம் ஒன்று பிற்காலத்து வருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் யாராயினும், அவரை உலகறியப் பணிந்தேன் என்பது. இதன்கண் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன.

முதலாவது காலம். காப்பவரைக் குறிக்கும் ‘புரப்பார்’ என்பது எதிர்கால வினையாலணையும் பெயர். ‘பணிந்தேன்’ என்பது இறந்தகால முற்று. வணங்கப்படுவோர் இன்னும் பிறவாதவர், வணக்கமோ முடிந்துவிட்டது. விரைவு பற்றி எதிர்காலம் இறந்தகாலமாக மயங்குதலைத் தொல்காப்பியர் வினையியலில் கூறினாரேனும், ஈண்டு அம்மயக்கம் இல்லை. இரு காலமும் தத்தம் பொருளிலேயே நிற்கின்றன. முன்கூட்டிச் செலுத்தப்பட்ட வணக்கமாதலின், கல்லைப் படிப்பவன் அதனைத் திருப்பித் தர இயலாது. ஏற்றுக் கடனாற்றுதலே அவற்கு உள்ள வழி.

இரண்டாவது, ‘யாராயினும்’ என்னும் பொருளது. குலமும் நாடும் தரமும் ஈண்டு வரையறுக்கப்படவில்லை. தன் மரபே நிலைத்து ஆளும் என்னும் உறுதி இருந்திருப்பின் அவ்வாறு கூறவேண்டுவதில்லை. மதுரையை இழந்த மரபினன் ஆட்சி நிலையாமையை உணர்ந்தே இங்ஙனம் கூறினான் என ஊகித்தல் தவறாகாது.

மூன்றாவது, ‘உலகறிய’ என்பது. தனியிடத்துச் செய்யும் பணிவு உள்ளத்துப் பண்பு. பலர் அறியச் செய்யும் பணிவு ஓர் உடன்படிக்கை.

மற்றொரு பாடலில், தன்னைப் ‘பணிகொண்ட’ இறைவனது தென்காசியைக் காக்கும் பின்னரசர் பதத்தைத் தன் தலைமேல் தரித்ததாக அவன் கூறுகின்றான். இறைவன் பணி கொண்டான். அரசன் பணி செய்தான். அப்பணியைத் தொடர்வாரைப் பணிந்தான். தொண்டும் வணக்கமும் ஒரு சொல்லாகிய தன்மை இங்கு முழுமை பெறுகின்றது.

4. மரபும் புதுமையும்

இது வெறும் மரபுத் தொடரே எனத் தடை கூறலாம். அறத்தைக் காத்தவனுடைய திருவடி என் தலைமேலது என்னும் பொருள்படும் தொடர் தமிழ்க் கல்வெட்டுக்களில் பலகாலும் வருவது; வருங்கால வேந்தரை இராமன் மீண்டும் மீண்டும் இரப்பதாக அமைந்த சுலோகமும் வடமொழிச் சாசனங்களில் உண்டு. தலைமேல் பதம் தரித்தல் அம்மரபினதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் சாசன மரபில் வணக்கத்தோடு சாபமும் பெரிதும் இணைந்து வரும். அறத்தை அழித்தான் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்திற் படுவான் என்னும் கருத்துடைய தொடர்கள் பலரும் அறிந்தவை. மேற்காட்டிய இரு பாடல்களிலும் அச்சுறுத்தல் இல்லை. குற்றம் செய்வானை நோக்காது, குற்றம் களைவானையே அவை நோக்குகின்றன. மரபு தந்த வணக்கத்தை அரசரளவில் நிறுத்தாது யாவர்க்கும் உரியதாக்கியது முதற்பாடலின் புதுமையாம்.

அவன் அஞ்சிய குற்றம் பிற்காலத்தில் வரவே செய்தது. கோயிலின் பெருங்கோபுரம் சிதைந்து நெடுங்காலம் நின்றது. ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுப்பப்பெற்று 1990ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அப்போது அந்நாட்டில் பாண்டியரும் இல்லை, முடியரசும் இல்லை. ‘யாராயினும்’ என்று அவன் விரித்துக் கூறியதன் அருமை அப்பொழுது விளங்கிற்று. அப்பணியில் ஈடுபட்ட சிற்பியரும் தொழிலாளரும் பொருளுதவினோரும் ஐந்து நூற்றாண்டின்முன் ஓர் அரசனால் பணியப்பெற்றவர் ஆவர்.

எனவே பணிதல் என்பதற்குத் தாழ்தல், வணங்குதல் எனப் பொருள் கூறி அமைதல் போதாது. ஒரு செயலைத் தன் காலத்துக்கு அப்பாலும் நிலைபெறுவித்தற்கு, வலியோன் தன்னைத் தாழ்த்திப் பிறரைக் கடமைப்படுத்தல் என்னும் பொருளும் அதற்கு உண்டு. இற்றை விண்ணப்பங்களின் இறுதியில் வழங்கும் ‘கீழ்ப்படிதலுள்ள’ என்னும் தொடர், மேலிருப்பவர்முன் தன் நிலையைச் சொல்லும் அளவோடு நின்றுவிடுகின்றது. பராக்கிரம பாண்டியன் பணிவோ பின்வருவாரிடம் ஒரு பணியை ஒப்படைக்கின்றது. குறளுரையில் பரிமேலழகர் கண்ட பொருளுக்குத் தென்காசிக் கல்வெட்டு நல்லதோர் எடுத்துக்காட்டாதலின், சொற்பொருள் வரைவோர் இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்குதல் நன்று.