இருமுனையக் கோளாறும் லித்தியமும்

இருமுனையக் கோளாறு, மனநிலை பித்தெழுச்சிக்கும் மனச்சோர்வுக்கும் மாறிமாறிச் செல்லும் நோய். 'பைபோலார்' என்றால் பலருக்கும் எளிதில் புரியும். காலையில் சிரித்து மாலையில் அழுபவரையெல்லாம் பைபோலார் என்பது தவறு. பித்தெழுச்சி குறைந்தது ஒரு வாரமும், சோர்வு இரண்டு வாரமும் நீடித்தால்தான் மருத்துவர் அவற்றை நோயின் கட்டங்களாகக் கணிப்பார். எழுச்சி முற்றி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் நாள்கணக்கு பார்ப்பதில்லை.

எழுச்சியில் இருப்பவருக்கு மூன்று மணி நேரத் தூக்கமே போதும், களைப்பு தெரியாது. பேச்சு ஓயாது. சேமிப்பையெல்லாம் எடுத்து அறியாத தொழிலில் போடுவார். எழுச்சி மிதமாக இருந்தால் 'பையன் சுறுசுறுப்பாகிவிட்டான்' என்று வீட்டார் மகிழ்வதும் உண்டு. அதனால் பெரும்பாலோர் சோர்வு வந்த பிறகே மருத்துவரிடம் போகிறார்கள். பழைய எழுச்சியைக் கேட்டறியாமல் சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், அது சிலரைப் பித்தெழுச்சிக்குத் தள்ளிவிடும்.

இந்நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்றான லித்தியம், ஓர் எளிய உப்பு. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியரின் கைதியாக இருந்த ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், போருக்குப் பின் மெல்பர்னுக்கு அருகே பண்டூராவில் இருந்த மனநல மருத்துவமனையில் ஆய்வு செய்தார். பித்துக்குக் காரணம் சிறுநீரில் வெளியேறும் ஒரு நஞ்சு என்பது அவர் எண்ணம். அதைச் சோதிக்கையில் யூரிக் அமிலத்தைக் கரைக்கத்தான் லித்தியத்தை எடுத்தார். அதைச் செலுத்திய கினிப் பன்றிகள், மல்லாக்கப் போட்டாலும் துள்ளாமல் கிடந்தன. அது லித்தியம் மிகுந்ததால் வந்த மந்தமாக இருக்கலாம் என்று பிற்காலத்தார் கருதினர். தவறான கருதுகோள்தான் சரியான மருந்தில் கொண்டுவிட்டது. பித்தெழுச்சி கொண்ட பத்துப் பேருக்குக் கொடுத்துக் கண்ட பலனை 1949இல் அவர் வெளியிட்டார். ஐந்து ஆண்டுகளாக அடங்காதிருந்த முதல் நோயாளி சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய வேலைக்கே போனார். 1950இல் அந்த நோயாளி இறந்ததற்கும் லித்திய நச்சே காரணம்.

பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. ரத்தத்தில் அதன் அளவைக் கண்காணிக்கும் முறை வந்த பிறகே மருந்து நிலைபெற்றது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ 1954 முதல் முறையான ஆய்வுகளை நடத்தினார். அமெரிக்கா 1970இல் அனுமதித்தது. யாருக்கும் காப்புரிமை கிடைக்காத மலிவான உப்பு என்பதால் நிறுவனங்கள் ஆர்வம் காட்டாததும் தாமதத்துக்கு ஒரு காரணம்.

இன்று, கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். தைராய்டு, சிறுநீரகச் சோதனைகளும் இடையிடையே உண்டு. கை நடுக்கம், அதிகத் தாகம் ஆகியவை வழக்கமான பக்கவிளைவுகள். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் நீரிழப்பு, திடீரென உப்பைக் குறைப்பது, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவது ஆகியவை ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். தள்ளாட்டமும் வாய்க்குழறலும் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

லித்தியம் ஒத்துவராதவர்களுக்கு வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின், குவெட்டியபின் போன்றவை உண்டு. கருவைப் பாதிக்கும் என்பதால் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட்டைத் தவிர்ப்பார்கள். கடுமையான நிலையில் மின்னதிர்வுச் சிகிச்சை தரப்படும். மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்வதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்கிறது. தற்கொலையைக் குறைப்பதில் மட்டும் லித்தியத்துக்கு உள்ள அளவு சான்று மற்றவற்றுக்கு இல்லை. குணமாகிவிட்டது என்று அதைச் சட்டென நிறுத்துபவர்களுக்கு எழுச்சி சில மாதங்களுக்குள்ளேயே திரும்புவதுண்டு. நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்படி மெல்ல மெல்லக் குறைத்தே நிறுத்த வேண்டும்.