ஐரோப்பிய பேஸ்பால் சாம்பியன்ஷிப்

ஐரோப்பிய பேஸ்பால் சாம்பியன்ஷிப் என்பது ஐரோப்பிய நாடுகளின் ஆடவர் தேசிய அணிகள் பங்கேற்கும் பன்னாட்டு பேஸ்பால் தொடராகும். 1954இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் முதன்முதலாக நடந்தது. 2019 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பின் ஐரோப்பியப் பிரிவு இதை நடத்துகிறது. 2023 வரை நடந்த 37 தொடர்களில் நெதர்லாந்து 24 முறையும் இத்தாலி 10 முறையும் பட்டம் வென்றுள்ளன. ஸ்பெயின் இரு முறையும் பெல்ஜியம் ஒரு முறையும் வென்றுள்ளன.

ஐரோப்பாவின் மக்கள் விளையாட்டு கால்பந்து. பேஸ்பால் அங்கே சில நகரங்களிலும் சில கடற்கரை ஊர்களிலும் வேர்விட்ட ஆட்டம். எந்த நாட்டில் அது வேரூன்றியது, எதில் ஊன்றவில்லை என்பதைப் போரும் குடியேற்றமும் பழைய பேரரசுகளின் எல்லைகளுமே பெரிதும் தீர்மானித்தன. இத்தொடரின் வெற்றியாளர் பட்டியலில் அந்த வரலாறு தெளிவாகத் தெரிகிறது.

தோற்றம்

1953 ஏப்ரலில் பாரிசில் கூடிய பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் ஐரோப்பிய பேஸ்பால் கூட்டமைப்பை நிறுவினர். இத்தாலியின் இளவரசர் ஸ்டேனோ போர்கேசே அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டே ஆண்ட்வெர்ப்பில் நான்கு அணிகளுடன் முதல் தொடர் நடந்தது. அதில் இத்தாலி முதலிடமும் ஸ்பெயின் இரண்டாமிடமும் பெற்றன. 1955இல் பார்சிலோனாவில் நடந்த இரண்டாவது தொடரை ஸ்பெயின் சொந்த மண்ணில் வென்றது. பல ஆண்டுகள் தனித்து இயங்கிய இந்தக் கூட்டமைப்பு, 2018இல் ஐரோப்பிய சாஃப்ட்பால் அமைப்புடன் இணைந்து இன்றைய வடிவத்தைப் பெற்றது.

ஆட்டமும் போட்டி முறையும்

பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது பேர். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். பிட்சர் எனப்படும் பந்தெறியாளர் 18.44 மீட்டர் தொலைவிலிருந்து பந்தைத் தரையில் படாமல் வீசுவார். அதை அடிக்கும் மட்டையாளர், ஒன்றுக்கொன்று 27.4 மீட்டர் இடைவெளியில் சதுரமாக அமைந்த நான்கு பேஸ்களையும் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். மூன்று பேர் ஆட்டமிழந்ததும் அணிகள் இடம் மாறும். ஏழு இன்னிங்ஸ் முடிந்த நிலையில் ஓர் அணி பத்து ஓட்டங்கள் முன்னிலை பெற்றிருந்தால் ஆட்டம் அத்துடன் முடித்துக்கொள்ளப்படும். அணிகளுக்கிடையே திறன் வேறுபாடு அதிகமுள்ள ஐரோப்பியத் தொடரில் இந்த விதிக்கு அடிக்கடி வேலை வரும்.

தொடக்கத்தில் ஏறத்தாழ ஆண்டுதோறும் நடந்த தொடர், 1965 முதல் 2007 வரை ஒற்றைப்படை ஆண்டுகளில் நடந்தது. அதன்பின் 2010, 2012, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் நடந்து, 2019இல் மீண்டும் ஒற்றைப்படை ஆண்டுக்குத் திரும்பியது. அணிகளின் எண்ணிக்கை 2019இல் 12ஆக இருந்தது. 2021இல் 16ஆக உயர்ந்தது. அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, பிரிவு ஆட்டங்களுக்குப் பின் காலிறுதி, அரையிறுதி, இறுதிப்போட்டி என்ற வரிசையில் மோதுகின்றன. முதல்நிலைத் தொடரில் இடம்பெறாத நாடுகளுக்குக் கீழ்நிலைத் தொடர்கள் உண்டு. அவற்றில் வெல்லும் அணிகள் மேலே வரலாம். பேஸ்பால் புதிதாக வேர்பிடிக்கும் நாடுகளுக்கு இந்த ஏணி மிக முக்கியமானது.

நெதர்லாந்து

நெதர்லாந்தில் பேஸ்பாலை அறிமுகப்படுத்தியவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஆங்கில ஆசிரியர் கிராசே. அமெரிக்காவில் பார்த்த ஆட்டத்தை அவர் 1911இல் தம் ஊர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே தேசிய சங்கம் தொடங்கப்பட்டது. அந்நாட்டின் முதல் பெரும் நட்சத்திரமான பந்தெறியாளர் ஹான் உர்பானுஸ், 1952இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் வசந்தகாலப் பயிற்சி முகாமுக்குச் சென்று, அங்கே கற்ற நுட்பங்களுடன் திரும்பினார்.

நெதர்லாந்து முதன்முதலாக ஐரோப்பியத் தொடரில் ஆடியது 1956இல், ரோமில். முதல் முயற்சியிலேயே பட்டம் வென்றது. அதிலிருந்து 1965 வரை நடந்த ஏழு தொடர்களையும் அதுவே வென்றது. ஹார்லெம் நகரின் பிம் முலியர் மைதானம் நெதர்லாந்து பேஸ்பாலின் தலைமையிடம் போல விளங்கியது. 1961இல் அந்நகரில் தொடங்கிய ஹார்லெம் பேஸ்பால் வாரம் உலகின் பல பகுதிகளிலிருந்தும் அணிகளை வரவழைத்தது.

இந்த அணியின் பிற்கால வலிமைக்குக் கரீபியன் கடலில் ஒரு காரணம் இருக்கிறது. குராசாவ், அரூபா ஆகிய தீவுகள் நெதர்லாந்து முடியரசைச் சேர்ந்தவை. அங்குள்ளவர்கள் நெதர்லாந்துக் குடிமக்கள். சிறுவர்களின் அன்றாட ஆட்டமே அங்கு பேஸ்பால்தான். 2004இல் குராசாவின் பபாவோ அணி சிறுவர்களுக்கான லிட்டில் லீக் உலகத் தொடரை வென்றது. அமெரிக்காவின் மேஜர் லீக்கில் புகழ்பெற்ற ஆண்ட்ரூ ஜோன்ஸ் குராசாவைச் சேர்ந்தவர். சாண்டர் போகார்ட்ஸ் அரூபாவைச் சேர்ந்தவர். 1999 முதல் 2007 வரை தொடர்ச்சியாக ஐந்து பட்டங்களும், 2014 முதல் 2021 வரை தொடர்ச்சியாக நான்கு பட்டங்களும் நெதர்லாந்துக்குக் கிடைத்தன. தீவுகளின் திறமையும் தாய்நாட்டின் கிளப் அமைப்பும் ஒன்றுசேர்ந்ததன் பலன் இது.

இத்தாலி

இத்தாலியில் பேஸ்பாலின் கதை போரோடு பின்னியது. 1944 ஜனவரி 22 அன்று நேச நாட்டுப் படைகள் ரோமுக்குத் தெற்கே ஆன்சியோ, நெட்டுனோ கடற்கரைகளில் தரையிறங்கின. அங்கே நடந்த கடும் சண்டையில் இறந்த அமெரிக்க வீரர்களுக்காக நெட்டுனோவில் பெரிய கல்லறைத் தோட்டம் அமைக்கப்பட்டது. அந்தப் பணிக்காகத் தங்கியிருந்த அமெரிக்கர்கள் ஓய்வு நேரத்தில் உள்ளூர் இளைஞர்களுக்கு மட்டையும் கையுறையும் கொடுத்து ஆட்டத்தைக் கற்பித்தார்கள். மீனவர்களும் விவசாயிகளும் வாழ்ந்த அந்த ஊர் சில ஆண்டுகளிலேயே இத்தாலிய பேஸ்பாலின் மையமாகிவிட்டது. சிசிலியிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்க நட்சத்திரம் ஜோ டிமாஜியோ, 1957இல் நெட்டுனோவுக்கு வந்து அங்குள்ள மைதானத்தில் மட்டை பிடித்தது அவ்வூர் இன்றும் பெருமையுடன் நினைவுகூரும் நிகழ்வு.

முதல் தொடரை வென்றபின் இத்தாலி இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1975, 1977, 1979 என மூன்று தொடர்களை அடுத்தடுத்து வென்று அது நெதர்லாந்தின் ஆதிக்கத்தை உடைத்தது. 1983, 1989, 1991, 1997 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அதன் வசமானது. 2010இல் ஜெர்மனியிலும் 2012இல் நெதர்லாந்தின் மண்ணிலும் பெற்ற வெற்றிகள் அதன் அண்மைக்காலச் சாதனைகள். அமெரிக்காவில் பிறந்து இத்தாலியக் குடியுரிமை பெற்ற, இத்தாலிய வம்சாவளி வீரர்களும் அணியில் இடம்பெறுகிறார்கள். மேஜர் லீக்கின் புகழ்பெற்ற கேட்சர் மைக் பியாசா அணியின் மேலாளராகப் பணியாற்றியிருக்கிறார்.

பிற அணிகள்

1967இல் ஆண்ட்வெர்ப்பில் பெல்ஜியம் வென்றது. அதன்பின் 1969 முதல் 2021 வரை நெதர்லாந்து, இத்தாலி தவிர வேறெந்த அணியும் பட்டம் வெல்லவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலான இந்த இருவர் ஆட்சியில் மற்றவர்களுக்கு வெள்ளியும் வெண்கலமுமே மிஞ்சின. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கை நடத்தவிருந்த கிரீஸ், கிரேக்க வம்சாவளி அமெரிக்கர்களைச் சேர்த்து அணியைத் திரட்டி 2003இல் வெள்ளி வென்றது. பிரிட்டன் 2007இல் இரண்டாமிடம் பெற்றது. ஐரோப்பியப் பிரிவில் ஆடும் இஸ்ரேல், 2019இல் ஐரோப்பா–ஆப்பிரிக்கத் தகுதிச்சுற்றை வென்று டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. 2021 ஐரோப்பிய இறுதிப்போட்டியில் நெதர்லாந்திடம் தோற்றது.

2023இல் செக் குடியரசில் நடந்த தொடரில் பழைய கணக்கு மாறியது. இறுதிப்போட்டிக்கு நெதர்லாந்தும் வரவில்லை, இத்தாலியும் வரவில்லை. ஸ்பெயின் 11–2 என்ற கணக்கில் பிரிட்டனை வீழ்த்தி, 68 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஐரோப்பிய சாம்பியனானது. லத்தீன் அமெரிக்காவில் வேர்கள் கொண்ட வீரர்கள் அந்த அணிக்குப் பெரும் பலமாக அமைந்தனர்.

தொழில்முறையும் ஆர்வலர் மரபும்

மேஜர் லீக் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம் வரை நீள்வதால், அங்கு ஆடும் ஐரோப்பிய நட்சத்திரங்கள் இத்தொடருக்கு வருவது அரிது. அவர்களை நாட்டுச் சீருடையில் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு, மார்ச் மாதத்தில் நடக்கும் உலக பேஸ்பால் கிளாசிக் தொடர்தான். ஐரோப்பியத் தொடரைத் தாங்கி நிற்பவர்கள் உள்ளூர் லீக் வீரர்கள். அவர்களில் பலருக்கு வேறு வேலை உண்டு.

இதற்குச் செக் அணி நல்ல சான்று. 2023 உலக பேஸ்பால் கிளாசிக்கில் ஆடிய அந்த அணியின் மேலாளர் பாவெல் காடிம் ஒரு நரம்பியல் மருத்துவர். பந்தெறியாளர் ஓன்ட்ரே சடோரியா ஓர் எலக்ட்ரீஷியன். மார்ச் 11 அன்று டோக்கியோ டோம் அரங்கில் ஜப்பானின் ஷோஹெய் ஒட்டானி அவரை எதிர்கொண்டார். உலகின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவரான ஒட்டானி, சடோரியாவின் மெதுவான, ஏமாற்றும் பந்துக்கு மட்டையைச் சுழற்றித் தவறவிட்டு ஸ்ட்ரைக் அவுட் ஆனார். ஆட்டத்தில் ஜப்பான் வென்றது. ஆனாலும் ஜப்பானிய ரசிகர்கள் செக் வீரர்களைக் கொண்டாடித் தீர்த்தார்கள்.

உலக அரங்கில் இடம்

ஐரோப்பியத் தொடர் பல ஆண்டுகள் ஒலிம்பிக்குக்கும் உலகக் கோப்பைக்கும் செல்லும் வழியாக இருந்தது. 1992 முதல் 2008 வரை பேஸ்பால் ஒலிம்பிக் பதக்க விளையாட்டாக இருந்த காலத்தில் ஐரோப்பிய அணிகளின் முயற்சிகளுக்கு அரசு உதவியும் கவனமும் கிடைத்தன. பின்னர் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது பல சிறிய சங்கங்களுக்குப் பேரிழப்பு. எனினும் தரம் குறையவில்லை. 2011 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் நெதர்லாந்து 2–1 என்ற கணக்கில் கியூபாவை வென்றது. 1938இல் பிரிட்டன் வென்றபின் உலகப் பட்டம் பெற்ற முதல் ஐரோப்பிய அணி அதுவே. 2013, 2017 உலக பேஸ்பால் கிளாசிக் தொடர்களில் அந்த அணி அரையிறுதி வரை சென்றது.

பெரும் பணமும் பெரும் கூட்டமும் இல்லாமலேயே எழுபது ஆண்டுகளாக இத்தொடர் தொடர்ந்து நடந்துவருவதற்குக் காரணம் கிளப்புகளும் தன்னார்வலர்களும்தான். 2023இல் ஸ்பெயின் பெற்ற வெற்றி, இரு நாடுகளின் உடைமையாக இருந்த பட்டத்தை மற்றவர்களும் எட்ட முடியும் என்று காட்டியது. அந்த வகையில் 1975க்குப் பிறகு இத்தொடரின் வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் அதுதான்.