கடலில் படகு இயந்திரம் நின்றால்: காபுரேற்றர் கோளாறை இனங்காண்பது எப்படி?

வடக்கின் சிறு கண்ணாடியிழைப் படகுகளில் பல, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களையே நம்பியுள்ளன. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, எரிபொருளை வீணாக்கும் ஒரு காபுரேற்றர் எவ்வளவு பெரிய இழப்பு என்பது மீனவர்களுக்குப் புரிந்தது. நடுக்கடலில் இயந்திரம் நின்றால் ஆபத்து இன்னும் பெரிது. நீரோட்டம் படகைக் கடல் எல்லைக்கு அப்பாலும் இழுத்துச் செல்லலாம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு இதன் அடிப்படை தெரியும். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோல் விட்டே இயக்கினார்கள். படகு இயந்திரமும் பெற்றோலில் தொடங்கி, சூடான பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும்.

முதலில் எரிபொருள்

காபுரேற்றரைக் குறை சொல்லுமுன் தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, குழாய் மடிந்திருக்கிறதா, வடியில் அழுக்கு உள்ளதா என்று பார்க்க வேண்டும். எரிபொருளைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துச் சிறிது நேரம் வைத்தால், கலந்துள்ள நீர் அடியில் தனியாகத் தங்கும்.

அறிகுறிகள்

• இறப்பர் கைப்பம்பியை அழுத்தும்போது மட்டும் ஓடினால், பழுது பெரும்பாலும் எரிபொருள் பம்பியிலோ குழாயில் காற்று நுழைவதிலோ இருக்கும்.

• வேகத்தில் ஓடி, மெதுவாக்கியதும் நின்றால், மெதுவோட்ட ஜெற் அடைபட்டிருக்கலாம்.

• வேகம் கூட்டும்போது திணறி, சொக்கைச் சிறிது இழுத்ததும் சீரானால், எரிபொருள் போதவில்லை. பிரதான ஜெற்றில் அடைப்போ, காஸ்கெற் வழியே காற்றுக் கசிவோ இருக்கலாம்.

• காபுரேற்றரிலிருந்து எரிபொருள் வழிந்து, பிளக் கறுத்து நனைந்திருந்தால், ஊசி வால்வையும் மிதவையையும் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்யும்போது

இந்த வேலையைக் கரையில், இயந்திரம் ஆறிய பின், நெருப்பில்லாத திறந்த இடத்தில் செய்ய வேண்டும். ஜெற் துளைகளைக் கம்பியால் குத்தக்கூடாது. துளை பெருத்தால் எரிபொருள் செலவு கூடும். சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்தால் போதும். கலவைத் திருகைக் கழற்றுமுன், அது மெதுவாக உள்ளே முட்டும்வரை எத்தனை சுற்று செல்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பூட்டும்போது அதே அளவில் வைக்க வேண்டும்.

கடலில் இயந்திரம் நின்றால், ஆழம் இடம் கொடுக்குமானால் முதலில் நங்கூரம் இட வேண்டும். பிறகு எரிபொருள் வழியையும் பிளக்கையும் மட்டும் பார்க்கலாம். ஆடும் படகில் காபுரேற்றரைத் திறந்தால் சிறு பாகங்கள் கடலில் விழுந்துவிடும். மேலதிக பிளக், வடி, சிறிது பெற்றோல் ஆகியன எப்போதும் படகில் இருக்கட்டும்.

கரை சேருமுன் சில நிமிடங்கள் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்த வேண்டும். அப்போது காபுரேற்றரில் பெற்றோலே தங்கும். மறுநாள் இயந்திரம் இலகுவாகத் தொடங்கும்.