மகமையும் காலணாவும்

விருதுநகர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பரோட்டா ஞாபகம் வரும். வியாபாரிகளுக்கு எண்ணெய், பருப்பு, வத்தல் விலை ஞாபகம் வரும். எங்கள் மாவட்டத்தில் பொதுக்காரியத்துக்குக் காசு சேர்க்க அலைகிறவர்களுக்கு ஞாபகம் வருகிற சொல் மகமை. "மகமை போட்டே பள்ளிக்கூடம் கட்டிட்டாங்க, காலேஜ் கட்டிட்டாங்க. ஒங்க ஆளுகளால ஏன் முடியல?" என்று நம்மிடம் கேட்காதவர்கள் குறைவு. எல்லாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். வரலாற்றுக்குள் போய்த்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகமை என்பது நன்கொடை மாதிரி கேட்டு வாங்குகிற காசு இல்லை. விற்கிற சரக்கில், மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைக்கிற காசு. 19ஆம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து வடக்கே வணிகத்துக்கு வந்த நாடார்கள் விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் காலூன்றினார்கள். சரக்கும் வண்டிமாடும் பத்திரமாக இருக்கப் பேட்டை கட்டினார்கள். பேட்டைக்கும் கிணற்றுக்கும் ஆன செலவை மகமை பார்த்துக்கொண்டது. உறவின்முறை அதை நிர்வகித்தது. பிறகு பள்ளிக்கூடம் வந்தது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்காக வீட்டுப் பெண்கள் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். காமராசர் படித்தது அந்தப் பிடி அரிசிப் பள்ளியில்தான்.

அவர்களும் அன்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்கு வந்தது. 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தோற்றது. வழக்குத் தோற்றாலும் கடை நின்றது. 1910இல் நாடார் மகாஜன சங்கம், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி, கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த இரண்டு இளைஞர்களால் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில், 1947இல் விருதுநகரில் கல்லூரி என்று அந்த வரிசை நீண்டது.

இதைப் படிக்க எனக்குப் பொறாமை இல்லை. மரியாதை உண்டு. ஆனால் ஒற்றுமை ஒன்றுதான் இதற்குக் காரணம் என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. மகமை எடுக்க முதலில் மூட்டை வேண்டும். மூட்டையை வைக்கக் கடை வேண்டும். கடைக்கு, நம் கைப்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறவன் வர வேண்டும்.

நம்மிடம் பொருள் இல்லாமல் இல்லை. அருந்ததியர் செருப்புத் தைத்தார்கள். கமலை இறைக்கத் தோல்வால் தைத்தார்கள். அந்தத் தோல்வால் இல்லாமல் கரிசல் காட்டுத் தோட்டத்தில் ஒரு செடிக்குத் தண்ணீர் பாய்ந்திருக்காது. அதற்கு அவர்கள் விலை சொல்ல முடிந்ததா? களத்து மேட்டில் சம்சாரி அளந்து போட்ட தானியம்தான் கூலி. பள்ளரும் பறையரும் விளைய வைத்த நெல்லும் கம்பும் விற்கப்பட்டபோது விற்றவர்கள் வேறு ஆட்கள். பொருள் நம்முடையது, விற்பனை நம்முடையதாக இல்லை. விற்பனை இல்லாத இடத்தில் மகமை எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. கணக்குப் புத்தகத்தில் மகமை வியாபாரி கொடுத்ததாக இருக்கும். அது பண்டத்தின் விலையில் ஏறாமலா இருந்திருக்கும்? கால்படி பருப்பு வாங்கின கூலிக்காரியும் தனக்குத் தெரியாமலே ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காசு கொடுத்திருப்பாள்.

சரி, நம் முன்னோடிகள் எதை விற்றார்கள்? காகிதத்தை விற்றார்கள். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. 1907 ஜூன் 19இல் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். ஒரு பைசா என்றால் அன்றைக்குக் காலணா. இரண்டணாவில் எட்டில் ஒரு பங்கு. கூலிக்காரன் மடியிலும் காலணா இருக்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. பெயரிலேயே விலையை வைத்ததால் பெயரைச் சொன்னவன் எல்லாம் விளம்பரம் செய்தவன் ஆனான். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய நம் மக்கள் அந்த இதழைத் தாங்கினார்கள். பின்னால் அங்கிருந்தே சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டது.

விற்பனையைப் போலவே சேதி பரப்புவதிலும் நமக்குத் தடை இருந்தது. 1920 ஜனவரியில் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, காசு கொடுக்கிறோம், விளம்பரம் போடுங்கள் என்று கேட்டும் திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. இங்கே நம் ஊர்களில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர்ச் சேதியைத் தண்டோரா போட்டுத் தெருத்தெருவாகச் சொன்னவர்கள் யார்? நாம்தான். சாவு, வரி, ஏலம், திருவிழா எல்லாம் நம் தொண்டையில்தான் ஊருக்குத் தெரிந்தது. நம் சேதியைச் சொல்ல மட்டும் யாரும் இல்லை. தண்டோரா இனி வேண்டாம், ஒலிபெருக்கி போதும் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத 2022 வரை ஆனது.

இந்த வரலாறு இன்னும் முடியவில்லை. சிவகாசிப் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் சிலர் இரவுப் பள்ளி நடத்துகிறோம். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு பட்டாசு ஆலைகள் பல மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது படிப்பை நிறுத்தின பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. பத்தாவது தவறினால் வீட்டில் உட்கார்ந்து திரி வேலை, வயசு வந்ததும் மருந்து அறை. இதுதான் அங்கே விதி. அந்த அறையில் என்ன நடக்கும் என்பது 2012இல் முதலிப்பட்டியில் நாடு பார்த்தது.

பள்ளிச் செலவுக்கு எங்கள் பெண்கள் முதலில் மிளகாய்ப் பொடி அரைத்துப் பொட்டலம் போட்டார்கள். டவுனில் ஒரு வீட்டம்மா பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. எந்த ஊருப்பா?" என்றார். ஊரைச் சொன்னோம். "அங்க எந்தத் தெரு?" சொன்னோம். "வீட்ல நெறையா கெடக்குப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வத்தல் வியாபாரத்துக்குப் பேர்போன மாவட்டத்தில், நம் கைபட்ட வத்தல் பொடிக்கு மட்டும் தெரு கேட்கிறார்கள்.

அதற்குப் பிறகு நாங்களும் காகிதத்துக்கு வந்தோம். அச்சாபீசுகளில் வெட்டி மிஞ்சுகிற தாளை எடைக்கு வாங்கி, தைத்து, நோட்டாக்கினோம். நோட்டை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை. அட்டையில் என்ன பெயர் போடுவது என்றபோது பெரிய வாக்குவாதம் வந்தது. "காலனின்னு போட வேண்டாம்ணே, டவுன்ல ஓடாது" என்று பையன்கள் சொன்னார்கள். "ஒளிச்சு வித்தா ஒளிச்சுதான் விக்கணும் கடேசி வரைக்கும்" என்றார் ஆலையில் வேலை பார்க்கிற ஒரு அக்கா. இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு வைத்த பெயரை நான் அங்கே சொன்னேன். 'காலனி இரவுப் பள்ளி' என்றே அச்சடித்தோம். பின்னட்டையில் அந்த வருட வரவுசெலவையும் போட்டோம்.

டவுனில் சில கடைகள் நோட்டைத் திருப்பிக் கொடுத்தன. ஒரு கடையில் நோட்டீஸ்கூட ஒட்ட விடவில்லை. சேதி பரவியது ஆலை வேன்களில்தான். விடியக்காலையில் ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு போகிற அந்த வேனுக்குள் நோட்டு கைமாறியது. பின்னட்டைக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் சத்தமாகப் படித்தார். "மண்ணெண்ணெய்க்கு இவ்வளவா?" என்று கேள்வியும் வந்தது. வாங்கினவர்கள் அடுத்த ஊருக்குச் சொன்னார்கள்.

"ஒங்க ஆளுகளால ஏன் முடியல?" என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல இருக்கிறது. எங்களுக்குப் பேட்டை கிடையாது, மூட்டை கிடையாது. காலணாப் பத்திரிகைக்குக் காசு கொடுத்த சுரங்கத் தொழிலாளிகளின் வழிதான் எங்கள் வழி. அது மெதுவாகத்தான் போகும். இதை வாசிக்கிற மாணவர்களும் தோழர்களும் உங்கள் பக்கத்தில் நம் ஆட்கள் எதையாவது விற்று ஒரு பள்ளிக்கூடமோ படிப்பகமோ நடத்தினால், ஒன்றை வாங்குங்கள். வாங்கின பிறகு, எந்தத் தெருவில் வாங்கினேன் என்பதையும் சேர்த்து நாலு பேரிடம் சொல்லுங்கள்.